வெர்மாண்ட்டும் மேற்கு வர்ஜினியாவும்: ஒரு மாநிலத்தின் வாக்கை முன்கூட்டிச் சொல்வது எது?

அமெரிக்க அதிபர் தேர்தல் நாளன்று கிழக்குக் கரையில் மாலை 7 மணியானதும், தொலைக்காட்சிகள் வெர்மாண்ட் மாநிலத்தை ஜனநாயகக் கட்சியின் கணக்கில் சேர்த்துவிடும். அடுத்த அரை மணி நேரத்தில் மேற்கு வர்ஜினியாவில் வாக்குப்பதிவு முடியும். அது குடியரசுக் கட்சிக்கு என்ற அறிவிப்பும் உடனே வந்துவிடும். அந்த நேரத்தில் எண்ணி முடித்த வாக்குகள் அநேகமாக இருக்காது. வாக்காளர்களிடம் எடுத்த ஆய்வும், முந்தைய தேர்தல்களின் கணக்கும், அங்கே வாழ்பவர்கள் யார் என்ற விவரமும் அறிவிப்பாளர்களுக்குப் போதுமானவையாக இருக்கின்றன.

இந்தத் துணிச்சலுக்குக் காரணம் உண்டு. 2020-இல் ஆதரித்த கட்சியையே 2024-இலும் 44 மாநிலங்கள் ஆதரித்தன. அரிசோனா, ஜார்ஜியா, மிச்சிகன், நெவாடா, பென்சில்வேனியா, விஸ்கான்சின் ஆகிய ஆறு மட்டுமே பக்கம் மாறின. அங்கே அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பவர்கள் மாநிலங்கள் அனுப்பும் தேர்வர்கள்; அதிபராக அவர்களின் 538 வாக்குகளில் 270 வேண்டும். மெய்ன், நெப்ராஸ்கா நீங்கலாக மற்ற 48 மாநிலங்களிலும் ஒரே ஒரு வாக்கு கூடுதலாக வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வர் வாக்குகள் மொத்தமும் போகும். ஆகவே மாநிலத்தை அலகாக வைத்துக் கணிப்பது அங்கே தவிர்க்க முடியாத வேலை.

எதை வைத்துக் கணிக்கிறார்கள் என்று கேட்டால், வழக்கமான பட்டியல் ஒன்று கிடைக்கும்: இனம், கல்வி, வருமானம், மதம், வயது, நகரமா கிராமமா. பட்டியலில் தவறில்லை. ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மேலே சொன்ன இரு மாநிலங்களையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். இரண்டும் மலை மாநிலங்கள். இரண்டிலும் பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர். நாட்டிலேயே கிராமத் தன்மை மிகுந்த மாநிலங்களின் வரிசையில் இரண்டும் இருக்கின்றன. ஒரு லட்சம் பேர் வசிக்கும் நகரம் இரண்டிலும் ஒன்றுகூடக் கிடையாது. மக்களின் இடைநிலை வயதில் இரண்டுமே மூத்த மாநிலங்கள். வேட்டைக்குப் போவதும் வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பதும் இரண்டிலும் சாதாரணம். உள்நாட்டுப் போரில் இரண்டுமே அடிமை முறைக்காகப் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கு எதிரணியில் நின்றவை. மேற்கு வர்ஜினியா தனி மாநிலமாகப் பிறந்ததே 1863-இல், வர்ஜினியாவின் பிரிவினையை ஏற்காமல்தான்.

இத்தனை ஒற்றுமை இருந்தும், 2020-இல் ஜோ பைடன் வாக்கு விகிதத்தில் மிக அதிகமாக வென்ற மாநிலம் வெர்மாண்ட், 66 சதவீதம். டிரம்ப் மிக அதிகமாக வென்றவற்றில் வயோமிங்குக்கு அடுத்தது மேற்கு வர்ஜினியா, ஏறத்தாழ 69 சதவீதம்.

இதைவிடத் திகைப்பூட்டும் செய்தி ஒன்று உண்டு. 1988 தேர்தலில் இதே மேற்கு வர்ஜினியா ஜனநாயகக் கட்சியின் டுகாகிஸுக்கு வாக்களித்தது. இதே வெர்மாண்ட் குடியரசுக் கட்சியின் மூத்த புஷ்ஷுக்கு வாக்களித்தது. ஒரு தலைமுறைக்குள் இரண்டும் இடம் மாறிக்கொண்டன. மலையும் தோலின் நிறமும் கிராமமும் அப்படியேதான் இருந்தன. ஆகவே ஒரு சமூகக் காரணி தானாக வாக்காக மாறிவிடுவதில்லை என்பது தெளிவு. அதை ஏதோ ஒரு கட்சியோடு இணைத்துக் கட்டும் அமைப்பு ஒன்று நடுவில் வேண்டும்: தொழிற்சங்கம், தேவாலயம், பல்கலைக்கழகம், புதிதாகக் குடியேறியவர்களின் அக்கம்பக்கம். அந்த அமைப்பு மாறும்போது, அல்லது இல்லாமல் போகும்போது, அதே காரணி வேறு பக்கம் இழுக்கத் தொடங்கிவிடும். கணிப்பு என்ற பெயரில் வரும் பெரும்பாலான பேச்சு இந்த நடு அமைப்பைப் பார்ப்பதே இல்லை என்பது என் குறை.

சுரங்கமும் சங்கமும்

மேற்கு வர்ஜினியா நிலக்கரியால் வளர்ந்த மாநிலம். சுரங்க நிறுவனமே வீடு கொடுக்கும், கடை நடத்தும், காவலர்களையும் வைத்திருக்கும். அதை எதிர்த்துச் சங்கம் அமைக்கப் போராடியவர்கள் 1921-இல் பிளேர் மலையில் துப்பாக்கிகளோடு அணிவகுத்தார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை அடக்க மத்திய அரசின் ராணுவமே வரவேண்டியிருந்தது. 1930-களில் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் ஆட்சியில் சங்கம் அமைக்கும் உரிமை சட்டமானது. அதன் பிறகு சுரங்கத் தொழிலாளர் சங்கமும் ஜனநாயகக் கட்சியும் அந்த மலைப் பள்ளத்தாக்குகளில் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. சங்கத்தின் நல நிதியிலிருந்து ஓய்வூதியம் வந்தது, மருத்துவமனைகளே கட்டப்பட்டன. 1932 முதல் 1996 வரை நடந்த தேர்தல்களில் மூன்றே முறைதான் இம்மாநிலம் குடியரசுக் கட்சிக்குப் போனது: ஐசனாவருக்கு 1956-இல், நிக்சனுக்கு 1972-இல், ரீகனுக்கு 1984-இல். மூன்றுமே நாடெங்கும் அலை வீசிய ஆண்டுகள். 1980-இலும் ரீகன் அலைதான், ஜனநாயகக் கட்சியின் கார்ட்டர் வென்றதே ஆறு மாநிலங்கள்தான். அந்த ஆறில் மேற்கு வர்ஜினியாவும் ஒன்று.

பிறகு என்ன நடந்தது? 1940-களில் அங்கே லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சுரங்கத்தில் வேலை செய்தார்கள். இன்று அதில் சிறு பங்குதான் மிச்சம். முதல் பெரிய வெட்டு இயந்திரங்களால் விழுந்தது. 1950-இல் சங்கத் தலைவர் ஜான் லூயிஸே இயந்திரமயத்தை ஏற்றுக்கொண்டு ஒப்பந்தம் செய்தார். பிறகு மலையின் தலையையே வெடிவைத்துச் சீவி எடுக்கும் முறை வந்தது. அதற்கு ஆட்கள் இன்னும் குறைவாகப் போதும். 1990-இல் காற்று மாசுச் சட்டம் கடுமையானபோது கந்தகம் குறைந்த வயோமிங் நிலக்கரிக்கு மவுசு கூடியது. கடைசியாக, மலிவான இயற்கை எரிவாயு வந்தது. வேலை இழப்பில் பெரும்பங்கு இயந்திரத்தாலும் சந்தையாலும் நேர்ந்ததே. ஆனால் இயந்திரத்துக்கு எதிராக வாக்களிக்க முடியாது. சுற்றுச்சூழல் விதிகளைக் கொண்டுவந்த கட்சிக்கு எதிராக வாக்களிக்க முடியும்.

சங்கம் பலமாக இருந்திருந்தால் இந்தக் கோபத்தை வேறு திசையில் கொண்டுபோயிருக்கக்கூடும் என்று நான் நம்புகிறேன். சங்கக் கிளைக் கூட்டத்தில் அரசியல் பேசப்பட்டது. யார் தொழிலாளிக்கு நல்லவர் என்ற விளக்கம் அங்கிருந்துதான் வீட்டுக்குப் போனது. கூட்டம் நின்றதும், பண்பாட்டுக் கேள்விகள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன: துப்பாக்கி உரிமை, கருக்கலைப்பு, தேவாலயம். 2000-இல் ஜனநாயகக் கட்சியின் அல் கோர் இம்மாநிலத்தை இழந்தார். அந்தத் தேர்தலில் புஷ் பெற்ற தேர்வர் வாக்குகள் 271. மேற்கு வர்ஜினியாவின் 5 வாக்குகள் வழக்கம்போல ஜனநாயகக் கட்சிக்கு வந்திருந்தால், அந்தத் தேர்தலையே முடிவு செய்த ஃபுளோரிடாவின் 537 வாக்கு வித்தியாசம் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகவே நின்றிருக்கும்.

இது வெறும் ஊகம் அல்ல என்பதற்கு ஓர் ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்கள், சங்கம் பெற்றுத்தரும் பலனை அனுபவிக்கும் தொழிலாளி சங்கத்துக்கு எதுவும் செலுத்தத் தேவையில்லை என்று சட்டம் இயற்றியிருக்கின்றன. அப்படிப்பட்ட மாநிலத்தின் எல்லைக் கவுண்டிகளையும் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு), கோட்டுக்கு அந்தப்பக்கம் சட்டம் இல்லாத கவுண்டிகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், அச்சட்டம் வந்த பின் அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வாக்கு ஏறத்தாழ 3.5 சதவீதப் புள்ளி குறைந்ததைக் கண்டார்கள். மிச்சிகன் 2012-இலும் விஸ்கான்சின் 2015-இலும் இந்தச் சட்டத்தை நிறைவேற்றின. 2016-இல் அவ்விரண்டும் பென்சில்வேனியாவும் சேர்ந்து டிரம்புக்குக் கொடுத்த முன்னிலை மொத்தம் 78,000 வாக்குகளுக்குள்தான். 2001-இல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பின் இறக்குமதியால் ஆலைகள் மூடிய பகுதிகள் குடியரசுக் கட்சிப் பக்கம் நகர்ந்தன என்பதையும் பொருளாதார ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூடிய ஆலையும் மெலிந்த சங்கமும் ஒரே ஊரில் சேர்ந்தே இருந்தன என்பதை மறக்கக் கூடாது.

வந்து குடியேறியவர்கள்

வெர்மாண்ட்டின் கதை வேறு. குடியரசுக் கட்சி பிறந்த காலத்திலிருந்து, அதாவது 1856 முதல் 1988 வரை, 1964 ஒன்றைத் தவிர எல்லா அதிபர் தேர்தல்களிலும் அது அக்கட்சிக்கே வாக்களித்தது. 1936-இல் ரூஸ்வெல்ட் நாட்டையே வாரிக்கொண்டபோதும் அவருக்கு எதிராக நின்றவை மெய்னும் வெர்மாண்ட்டும் மட்டுமே. ஆனால் அது இன்றைய குடியரசுக் கட்சி அல்ல. அடிமை முறையை எதிர்த்த, சிக்கனமான, தனி மனித உரிமையில் பிடிவாதமான வடகிழக்குச் சீர்திருத்தச் சபைகளின் கட்சி. 1954-இல், கம்யூனிஸ்டுகள் என்று பலர் மீதும் பழி சுமத்திய செனட்டர் மெக்கார்த்தியைக் கண்டிக்கும் தீர்மானத்தை செனட்டில் கொண்டுவந்தவர் வெர்மாண்ட்டின் குடியரசுக் கட்சி உறுப்பினர் ரால்ஃப் ஃபிளாண்டர்ஸ்.

1960-களில் நெடுஞ்சாலைகள் வந்தன. நியூயார்க்கிலிருந்தும் பாஸ்டனிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள்; சிலர் மண்ணோடு வாழ விரும்பி, சிலர் கல்லூரி வேலைக்கு, சிலர் அமைதி தேடி. 1960-இல் 3.9 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1980-இல் 5.1 லட்சம் ஆயிற்று. நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த பெர்னி சாண்டர்ஸ் 1981-இல் பர்லிங்டன் நகர மேயரானார், வெறும் 10 வாக்கு வித்தியாசத்தில். இன்னொரு பக்கம், தேசியக் குடியரசுக் கட்சியே தெற்கை நோக்கியும் சுவிசேஷகத் தேவாலயங்களை நோக்கியும் நகர்ந்துகொண்டிருந்தது. தேவாலயத்துக்கு அதிகம் போகாத வெர்மாண்ட்காரருக்கு அது அந்நியமாகிப்போனது. 2001-இல் அவர்களின் செனட்டர் ஜிம் ஜெஃபர்ட்ஸ் கட்சியை விட்டு வெளியேற, செனட்டின் பெரும்பான்மையே கைமாறியது.

மேற்கு வர்ஜினியாவிலோ நேர் எதிர். அங்கே 1950-இல் 20 லட்சம் பேர் இருந்தார்கள். 2020-இல் 18 லட்சத்துக்கும் குறைவு. படித்த பிள்ளைகள் வெளியேறினார்கள், வெளியிலிருந்து வந்தவர் மிகச் சிலர். ஒரு மாநிலத்தின் அரசியல் மாறுவதற்கு அங்கே இருப்பவர்களின் மனம் மாறவேண்டும் என்றில்லை. யார் வருகிறார், யார் போகிறார் என்பதே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஆனாலும் இந்த மாநிலங்களைச் சாயம் பூசிய துண்டுகளாகப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2024-இல் கமலா ஹாரிஸுக்கு 60 சதவீதத்துக்கு மேல் கொடுத்த வெர்மாண்ட், அதே நாளில் குடியரசுக் கட்சியின் ஃபில் ஸ்காட்டை 70 சதவீதத்துக்கும் அதிக வாக்கோடு ஆளுநராகத் தேர்ந்தெடுத்தது. 2016-இல் டிரம்ப்பை 40 புள்ளிக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வெல்லவைத்த மேற்கு வர்ஜினியா, அன்றே ஜனநாயகக் கட்சியின் ஜிம் ஜஸ்டிஸை ஆளுநராக்கியது. (அடுத்த ஆண்டே அவர் கட்சி மாறினார் என்பது வேறு.) தெரிந்த முகத்துக்கு வாக்களிக்கும்போது மனிதர்கள் ஒரு மாதிரியும், வாஷிங்டனுக்கு ஆள் அனுப்பும்போது வேறு மாதிரியும் நடந்துகொள்கிறார்கள்.

பட்டமும் பணமும்

இன்றைய நிலையில் ஒரே ஒரு எண்ணை மட்டும் கேட்கலாம் என்று சொன்னால், நான் கேட்பது பட்டதாரிகளின் விகிதத்தைத்தான். வெர்மாண்ட்டில் 25 வயதைக் கடந்தவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் பட்டம் பெற்றவர்கள். மேற்கு வர்ஜினியாவில் ஏறத்தாழ நான்கில் ஒருவர். நாட்டிலேயே கடைசி இடம். பட்டியலின் மேல்முனையில் இருக்கும் மாசசூசெட்ஸ், கொலராடோ, மேரிலாந்து, நியூ ஜெர்சி, கனெக்டிகட் எல்லாம் 2024-இல் ஹாரிஸ் பக்கம். கீழ்முனையில் இருக்கும் மிசிசிப்பி, அர்கன்சாஸ், லூசியானா, கென்டக்கி எல்லாம் டிரம்ப் பக்கம். 1964-க்குப் பிறகு ஒருமுறைகூட ஜனநாயகக் கட்சியைத் தொடாத வர்ஜினியா, 2008-இலிருந்து அக்கட்சிக்குத் தொடர்ந்து வாக்களிக்கிறது. வாஷிங்டனை ஒட்டிய ஃபேர்ஃபேக்ஸ், லௌடன் கவுண்டிகளில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் அரசு ஒப்பந்த நிறுவனங்களும் பெருகியதும், அங்கே படித்தவர்கள் குவிந்ததும் முக்கியக் காரணம். அப்படிக் குவிந்தவர்களில் தமிழ்க் குடும்பங்களும் கணிசம்.

படிப்பு அறிவைக் கூட்டுகிறது, ஆகவே ஒரு கட்சிக்கு வாக்கு போகிறது என்று இதைப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. அது தற்பெருமை. 1980-களில் பட்டதாரி வெள்ளையர்கள் பெரும்பாலும் குடியரசுக் கட்சிக்காரர்கள். அதே பட்டம், அதே பாடம். மாறியது, பட்டம் ஒருவரை எந்த ஊரில், எந்த வேலையில், எத்தகைய மனிதர்கள் நடுவே கொண்டுபோய் வைக்கிறது என்பது.

வருமானம் இதைவிடச் சிக்கலானது. செல்வ மாநிலங்களான மேரிலாந்தும் மாசசூசெட்ஸும் நியூ ஜெர்சியும் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கின்றன. வறிய மிசிசிப்பியும் மேற்கு வர்ஜினியாவும் குடியரசுக் கட்சிக்கு. இதைப் பார்த்து, “ஏழைகள் தங்கள் நலனுக்கு எதிராகவே வாக்களிக்கிறார்கள்” என்று தீர்ப்புச் சொன்னவர்கள் ஏராளம். அந்தத் தீர்ப்பு எனக்குக் கோபத்தையே தருகிறது, ஏனெனில் அது கணக்கிலேயே பிழை. புள்ளியியலாளர் ஆண்ட்ரூ கெல்மனும் அவருடைய குழுவினரும் 2000, 2004 தேர்தல்களை ஆராய்ந்தபோது கண்டது இது: எந்த மாநிலத்தை எடுத்தாலும், அதற்குள் ஏழைகள் ஜனநாயகக் கட்சிப் பக்கம் அதிகமாகவும் பணக்காரர்கள் குடியரசுக் கட்சிப் பக்கம் அதிகமாகவும் சாய்ந்தார்கள். மிசிசிப்பியில் அந்தச் சாய்வு செங்குத்தாக இருந்தது. கனெக்டிகட்டில் ஏறத்தாழ தட்டையாக இருந்தது. செல்வ மாநிலத்தின் பணக்காரர்களும் வறிய மாநிலத்தின் பணக்காரர்களும்தான் வெவ்வேறு விதமாக வாக்களித்து மாநிலங்களின் நிறத்தைத் தீர்மானித்தார்கள். பழி மட்டும் ஏழைகள் மீது விழுந்தது.

மாநிலத்தின் சராசரியை அங்கே வாழும் மனிதரின் குணமாகப் படிப்பது சமூக அறிவியலில் பழைய பொறி. 1950-இல் சமூகவியலாளர் டபிள்யூ. எஸ். ராபின்சன் 1930 மக்கள்தொகைக் கணக்கை வைத்து இதை நிறுவினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் உள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவாகத் தெரிந்தது. ஆனால் ஆள் ஆளாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்களிடம்தான் எழுத்தறிவின்மை சற்று அதிகம். அவர்கள் ஏற்கெனவே எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களுக்குக் குடியேறினார்கள் என்பதே அந்தத் தோற்றத்துக்குக் காரணம். இந்த ஒரு கட்டுரையைப் படித்துவிட்டுத் தேர்தல் வரைபடத்தைப் பற்றிப் பேச வந்தால் பாதிச் சண்டைகள் இருக்காது.

வருமானத்துக்கும் வாக்குக்கும் கெல்மன் கண்ட அந்த உறவும் இப்போது நிலையாக இல்லை. 2024 வாக்குச்சாவடி ஆய்வுகளில் வருமானம் குறைந்தவர்கள் டிரம்ப் பக்கமும் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் ஹாரிஸ் பக்கமும் நகர்ந்திருந்தது தெரிந்தது. இருபது ஆண்டுகளில் குறியே புரண்டுவிட்டது.

கரிசல் நிலமும் நிறமும்

இனம் என்ற காரணியும் இப்படித்தான். கறுப்பினத்தவரில் மிகப் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கிறார்கள் என்பது உண்மை. அப்படியானால் கறுப்பினத்தவர் விகிதம் மிக அதிகமான மாநிலம் எந்தக் கட்சிக்குப் போகவேண்டும்? அந்த மாநிலம் மிசிசிப்பி. ஏறத்தாழ 38 சதவீதம். 1976-க்குப் பிறகு அது ஒருமுறைகூட ஜனநாயகக் கட்சிக்குப் போகவில்லை. 2008-இல் ஒபாமாவுக்குக் கறுப்பின வாக்கு ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்தது. வெள்ளையரில் பத்தில் ஒன்பது பேர் குடியரசுக் கட்சியின் மெக்கெயினுக்கு வாக்களித்தார்கள். 1964-இல் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டம் நிறைவேறிய சில மாதங்களில், அதை எதிர்த்து வாக்களித்திருந்த குடியரசுக் கட்சியின் கோல்ட்வாட்டருக்கு மிசிசிப்பி 87 சதவீதம் கொடுத்தது. அன்று கறுப்பினத்தவரில் பெரும்பாலோருக்கு அங்கே வாக்குரிமை எட்டாக்கனி.

இந்த வரலாறு மண்ணுக்கடியில் தொடங்குகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய அலபாமாவின் நடுப்பகுதி வரை உள்ளே வந்திருந்தது. அந்தக் கடற்கரையோரம் படிந்த சுண்ணாம்பின் மேல் வளமான கரிசல் உருவானது. கரிசலில் பருத்தி விளைந்தது. பருத்திக்காக அடிமைகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். ஆகவே தேர்தல் முடிவைக் கவுண்டிவாரியாக வரைந்தால், குடியரசுக் கட்சியின் சிவப்பு நிறத் தெற்கின் குறுக்கே அந்தப் பழைய கடற்கரையின் வளைவு ஜனநாயகக் கட்சியின் நீல நிறத்தில் தெரிகிறது. 1860-இல் அடிமைகள் அதிகமாக இருந்த கவுண்டிகளில் இன்றைய வெள்ளையர்கள் மற்ற கவுண்டி வெள்ளையரைவிட அதிகமாகக் குடியரசுக் கட்சியை ஆதரிக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஒரே நிலத்தில், ஒரே வரலாற்றிலிருந்து, இரு எதிர்த் துருவ வாக்குகள். அடிமைச் சந்தை மூடி ஒன்றரை நூற்றாண்டு கடந்த பிறகும் இந்தக் கணக்கு நேராகவில்லை என்பதைப் புள்ளிவிவரமாக மட்டும் படிக்க என்னால் முடியவில்லை.

ஜார்ஜியாவில் வேறு வேதியியல் நடந்தது. வடக்கு நகரங்களுக்குப் போன கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள் வேலைக்காக அட்லாண்டாவுக்குத் திரும்பினார்கள். அதன் புறநகரான குவின்னட் கவுண்டிக்குக் கொரியர்களும் இந்தியர்களும் லத்தீன் அமெரிக்கர்களும் வந்தார்கள். 2004-இல் மூன்றில் இரண்டு பங்கை புஷ்ஷுக்குக் கொடுத்த அந்தக் கவுண்டி 2020-இல் 58 சதவீதத்தை பைடனுக்குக் கொடுத்தது. மாநிலம் முழுவதிலும் பைடன் வென்றது 11,779 வாக்குகளில்.

அதே நேரத்தில் டெக்சாஸின் எல்லையோரம் எதிர்த் திசையில் போனது. ஸ்டார் கவுண்டியில் வாழ்பவர்கள் ஏறத்தாழ எல்லோரும் லத்தீன் வம்சாவளியினர். 2016-இல் ஹிலாரி கிளின்டன் அங்கே 79 சதவீதம் பெற்றார். 2024-இல் டிரம்ப் வென்றார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே குடியரசுக் கட்சி வென்றதில்லை. எட்டு ஆண்டுகளில் மக்களின் வம்சாவளி மாறிவிடவில்லை.

வயதையும் மதத்தையும் பற்றி யூட்டா ஒன்றே போதும். நாட்டிலேயே இளமையான மாநிலம் அது, படிப்பிலும் பின்தங்கியதல்ல. இரண்டையும் வைத்து அது ஜனநாயகக் கட்சிக்கு என்று கணித்தால் தவறிவிடுவீர்கள். அங்கே வேரூன்றிய மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையை வைத்துக் குடியரசுக் கட்சிக்கு என்று கணித்தால் சரியாகிவிடும். ஆனால் அந்தச் சபைக்கும் ஒரு மனம் இருந்தது: 2012-இல் தங்கள் சபையைச் சேர்ந்த குடியரசுக் கட்சி வேட்பாளர் ராம்னிக்கு 70 சதவீதத்துக்கு மேல் கொடுத்தவர்கள், 2016-இல் டிரம்புக்கு 45-ஐ ஒட்டித்தான் கொடுத்தார்கள். ஐந்தில் ஒருவர் எவான் மெக்மல்லின் என்ற சுயேச்சைக்கு வாக்களித்தார்.

சாய்வும் அலையும்

இதுவரை சொன்னவை எல்லாம் ஒரு மாநிலத்தின் சாய்வைச் சொல்பவை: நாட்டின் சராசரியிலிருந்து அது எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை. யார் வெல்வார் என்பதற்கு அலையும் வேண்டும். அலை பெரும்பாலும் பொருளாதாரத்திலிருந்தும் ஆட்சி மீதான அலுப்பிலிருந்தும் எழுகிறது. அது மாநில எல்லை பார்ப்பதில்லை. 2022 ஜூனில் அமெரிக்காவின் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது, நாற்பது ஆண்டுகளில் இல்லாத உச்சம். 2024-இல் ஏறத்தாழ எல்லா மாநிலங்களும், அதாவது வெர்மாண்ட்டும் மேற்கு வர்ஜினியாவும் நியூயார்க்கும் டெக்சாஸும், ஒரே திசையில் நகர்ந்தன. மளிகைக் கடையில் முட்டை விலை பார்ப்பவர் தன் மாநிலத்தின் தொழில் வளர்ச்சி விகிதத்தைப் பார்ப்பதில்லை.

முன்பு அலை பெரிது, சாய்வு சிறிது. ரீகன் 1984-இல் 49 மாநிலங்களை வென்றார். 1988-இல் மூத்த புஷ் 426 தேர்வர் வாக்குகள் வாங்கினார். அதற்குப் பின் யாரும் 400-ஐத் தொடவில்லை. இன்று கல்வி, மதம், குடியிருப்பின் அடர்த்தி எல்லாம் ஒரே திசையில் அடுக்கிக்கொண்டுவிட்டதால் சாய்வுகள் செங்குத்தாகிவிட்டன. அலை வந்து ஏழெட்டு மாநிலங்களை மட்டுமே நனைக்கிறது. கணிப்பவருக்கு இது வசதி. 40 மாநிலங்களில் வாழும் வாக்காளர்களுக்கு இது நல்லதல்ல. வேட்பாளர்கள் அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை.

எனவே நடைமுறையில் சிறந்த கணிப்பு முறை எளிமையானது: சென்ற தேர்தலின் மாநில முடிவை எடுத்துக்கொண்டு, நாடு தழுவிய மாற்றத்தைக் கூட்டினால் பெரும்பாலான மாநிலங்கள் சரியாக வந்துவிடும். சமூகக் காரணிகள் மீதிச் சிறு இடைவெளியை விளக்கவே தேவைப்படுகின்றன. அந்தச் சிறு இடைவெளியில்தான் அதிபர் யார் என்பது முடிவாகிறது.

அதற்காக இன்று புள்ளியியலாளர்கள் கையாளும் வழி இது. நாடெங்கும் ஆயிரக்கணக்கானவர்களிடம் கருத்துக் கேட்டு, வயது, பாலினம், இனம், கல்வி, மாநிலம் என்று சிறு சிறு பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவும் எப்படி வாக்களிக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். உதாரணமாக, விஸ்கான்சினில் வாழும் பட்டம் பெறாத ஐம்பது வயது வெள்ளைப் பெண்கள் ஒரு பிரிவு. பிறகு மக்கள்தொகைக் கணக்கிலிருந்து அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எடுத்து, பெருக்கிக் கூட்டினால் மாநிலம் கிடைக்கும். ராபின்சன் காட்டிய பொறியில் விழாமல் ஆளிலிருந்து மாநிலத்துக்கு ஏறும் வழி இது. நேர்மையான முறை என்றே நான் கருதுகிறேன்.

ஆனாலும் அது சறுக்கியது. 2016-இல் மாநில அளவிலான பல கருத்துக்கணிப்புகள் கல்வியைக் கணக்கில் எடுத்துத் திருத்தவே இல்லை. கருத்துக்கணிப்புக்கு விடை சொல்பவர்களில் பட்டதாரிகள் அதிகம். அவர்கள் அந்த ஆண்டுதான் மற்றவர்களிடமிருந்து கூர்மையாகப் பிரிந்து வாக்களித்தார்கள். விளைவு, விஸ்கான்சின் கணிப்பு தவறியது. 2020-க்குள் அந்தப் பிழையைப் பெரும்பாலோர் திருத்திக்கொண்டார்கள். ஆனால் 2020-இல் பிழை குறையவில்லை. தேசிய அளவில் நாற்பது ஆண்டுகளில் இல்லாத அளவுக்குப் பெரிதானது. பைடனின் முன்னிலையை மிகைப்படுத்திக் காட்டியது.

வயதும் படிப்பும் இனமும் ஊரும் ஒன்றாகவே உள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை ஒருவர் எடுத்துப் பதில் சொல்கிறார். இன்னொருவர் எடுப்பதில்லை, செய்தித்தாளையும் அரசையும் பல்கலைக்கழகத்தையும் கருத்துக்கணிப்பாளரையும் ஒருசேர நம்பாதவர் அவர். பட்டியலில் உள்ள எல்லாக் கட்டங்களிலும் இருவருக்கும் ஒரே விடைதான். வாக்கு மட்டும் வேறு. நிறுவனங்கள் மீதான நம்பிக்கை என்ற இந்தக் காரணியை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கேட்பதில்லை. அதைத் தொலைபேசியில் கேட்டு அளக்கவும் முடியாது, நம்பாதவர் தொலைபேசியை எடுப்பதே இல்லை என்பதால். சென்ற முறை யாருக்கு வாக்களித்தீர்கள் என்று கேட்டு அதைக் கொண்டு எடை திருத்தும் முறையைப் பல நிறுவனங்கள் 2024-க்குள் பிடித்துக்கொண்டன. இடைவெளி ஓரளவு குறைந்தது. மூடிய சுரங்கங்களும் ஆலைகளும் உள்ள ஊர்களில் இந்த நம்பிக்கை எப்போது, எதனால் இற்றுப்போனது என்று தெரிந்துகொள்ள, அங்கே போய் நீண்ட நாள் தங்கிக் கேட்பவர்களின் வேலைதான் இன்னும் தேவைப்படுகிறது.